சீமெந்து ஆலையின் இலாபத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

உயர்தர வகுப்பில் தனியுரிமை (ஒரே விற்பனையாளர்), சில்லுரிமை (ஒரு சில விற்பனையாளர்) என்று படித்தவர்களிடம்கூட, ஒரு கனரக ஆலைக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், போட்டி குறைந்தால் இலாபம் கூடும் என்ற விடையே கிடைக்கும். மட்டக்களப்பார் அதை அப்படியே நம்பக் கூடாது. 1956 இல் உற்பத்தியைத் தொடங்கி, வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு இயங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு உள்நாட்டில் நெடுங்காலம் சொல்லத்தக்க போட்டியாளர் இருக்கவில்லை. ஆயினும் அது தாக்குப்பிடிக்கவில்லை. அதன் காரணத்தை மூன்றாம் படியில் பார்ப்போம். இப்போது ஹாட்வெயார் கடையில் அடுக்கியிருக்கும் 50 கிலோ சீமெந்து மூடையிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: சந்தையின் எல்லையை வரையுங்கள்

சீமெந்து பாரம் கூடிய, விலை குறைந்த பண்டமாதலால், தூரம் கூடக்கூட லொறிக் கூலி இலாபத்தைத் தின்றுவிடும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிளிங்கர் ஆக்கும் சூளை புத்தளத்தில் இருக்கிறது. திருகோணமலை ஆலையோ இறக்குமதியான கிளிங்கரை அரைத்துச் சீமெந்தாக்குகிறது. மட்டக்களப்புக்கு அருகில் இருப்பது திருகோணமலைதான். ஆனால் தூரம் என்பது வரைபடத்தில் அளப்பது மட்டுமன்று. திருகோணமலை–மட்டக்களப்பு வீதியில் 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அங்கே பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றித்தான் வாகனங்களைக் கடத்த வேண்டியிருந்தது. ஒரு பாலம்கூடச் சந்தையின் எல்லையை நகர்த்தும்.

படி 2: விற்பனையாளரை எண்ணுங்கள்

ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கையும் வர்க்கித்துக் கூட்டுங்கள். 40, 30, 20, 10 வீதம் என்றால் 1600 + 900 + 400 + 100 = 3000. சந்தை எந்த அளவுக்குச் சில நிறுவனங்களின் கையில் இருக்கிறது என்பதை, அதாவது செறிவை, அளக்கும் ஹேர்பின்டால்–ஹேர்ஷ்மன் சுட்டெண் இதுவே. நிறுவன இணைப்புகளுக்கான 2023 ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டலின்படி 1800 ஐத் தாண்டினால் அது செறிவு மிக்க சந்தை.

படி 3: உள்ளே வரும் கதவைப் பாருங்கள்

எண்ணிக்கையைவிட இதுவே முக்கியம் என்பது என் கருத்து. புதிய சூளை கட்டுவோர் போட்ட முதலீட்டில் பெரும்பகுதியைத் திரும்ப எடுக்க முடியாது; அந்த அச்சமே பலரைத் தடுக்கிறது. ஆனால் துறைமுகத்தில் மூடைகளாக இறக்கிவிடலாம் என்றால், ஆலை கட்டாமலே போட்டியாளர் வந்துவிடுவார். வாழைச்சேனையில் நேர்ந்ததில் ஒரு பகுதி இதுதான். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின், மரக்கூழில் பேரளவில் செய்த வெளிநாட்டுக் கடதாசி எதிரே வந்து நின்றது. வைக்கோலிலுள்ள சிலிக்கா, இரசாயனங்களை மீட்டெடுத்து மீண்டும் பயன்படுத்துவதைக் கடினமாக்கும் என்பதால், செலவிலும் ஆலைக்குப் பாதகமே இருந்தது. பின்னர் போரும் சேர்ந்துகொண்டது.

படி 4: செலவுத் தாளை எழுதுங்கள்

பின்வருபவை கற்பனை எண்கள். ஓர் ஆலையால் மாதம் 10 இலட்சம் மூடை செய்ய முடியும், எவ்வளவு செய்தாலும் மாறாத நிலையான செலவு மாதம் 60 கோடி ரூபாய், ஒவ்வொரு மூடைக்கும் கூடும் மாறும் செலவு 1,200, விலை 1,900. முழு அளவில் ஓடினால் நிலையான செலவில் ஒரு மூடையின் பங்கு 600 ரூபாய் ஆகையால், மூடைக்கு 100 வீதம் 10 கோடி இலாபம் கிடைக்கும். 6 இலட்சம் மூடையே விற்றால் அந்தப் பங்கு 1,000 ரூபாயாகி, மூடைக்கு 300 வீதம் 18 கோடி நட்டம். விலையும் மாறவில்லை, போட்டியாளர் தொகையும் மாறவில்லை. ஆலை ஓடிய அளவு மட்டுமே மாறியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நட்டத்தில் இருக்கும் அந்த ஆலைக்கு, 1,200 ரூபாய்க்கு மேல் எந்த விலை கிடைத்தாலும் கூடுதலாக ஒரு மூடை விற்பது இலாபமே. கேள்வி (வாங்குவோரின் தேவை) சரியும் காலத்தில் கனரகத் தொழில்களில் விலைப்போர் மூள்வது இதனால்தான்.

படி 5: நடத்தையைக் கவனியுங்கள்

விலைப்போரின் விலையை அறிந்த நிறுவனங்கள் அதைத் தவிர்க்கப் பார்க்கும். ஒருவர் விலை உயர்த்த மற்றவர்கள் பின்தொடர்வது ஒரு வழி. கூடிப் பேசி உற்பத்தியை அடக்குவது சட்டவிரோதமான வழி. இந்தியப் போட்டி ஆணைக்குழு 2012 இல் 11 சீமெந்து நிறுவனங்களுக்கு 6,000 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தபோது, ஆலைகள் தம் கொள்ளளவுக்குக் குறைவாக ஓடியதும் சான்றாக எடுக்கப்பட்டது. ஆனால் நான்காம் படியின்படி குறைவாக ஓடுவது நட்டமல்லவா? விலையும் கூடவே உயர்ந்தால் அல்ல: அதே 6 இலட்சம் மூடையை 2,400 ரூபாய்க்கு விற்றுப் பாருங்கள், 12 கோடி இலாபம் வரும். இலங்கையில் 2021 ஒக்டோபரில் நீக்கப்பட்ட கட்டுப்பாட்டு விலையையும் இந்தப் படியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: காரணத்தைச் சோதியுங்கள்

செறிவு கூடிய தொழில்களில் இலாபமும் கூடுதலாக இருப்பதைப் பொருளியலாளர் ஜோ பெயின் 1951 இல் காட்டினார். திறமையாக இயங்கும் நிறுவனமே வளர்கிறது, இலாபமும் செறிவும் அதனால் சேர்ந்தே வருகின்றன என்று இன்னொரு பொருளியலாளரான ஹரோல்ட் டெம்செட்ஸ் 1973 இல் மறுத்தார். சிறிய ஆலைகளும் பெரிய ஆலைக்கு நிகராகச் சம்பாதிக்கின்றனவா என்று பாருங்கள்; ஆம் எனில், போட்டி குறைந்து உயர்ந்த விலை எல்லோருக்கும் உதவுகிறது என்று பெயினின் பக்கம் சாயலாம்; பெரியது மட்டுமே சம்பாதித்தால், அதன் திறமையே காரணம் என்று டெம்செட்ஸின் பக்கம்.

பயிற்சிக்கு அம்பாறையின் ஹிங்குராணை சீனி ஆலையை எடுங்கள். சீனியை விற்கும்போது அது இறக்குமதியோடு மோதுகிறது; ஆனால் வெட்டிய கரும்பை விரைவில் பிழிந்தாக வேண்டுமென்பதால், சுற்றுவட்டார விவசாயிக்கு வேறு வாங்குநர் எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே முதற்படியை இரண்டு முறை, கரும்புக்கு ஒன்றும் சீனிக்கு ஒன்றுமாகச் செய்ய வேண்டும்.