எக்ஸ்ரே பிரிவில் ஏஐ: ஊழியர்கள் மனமொப்பிப் பயன்படுத்தும்படி கொண்டுவருவது எப்படி

நெஞ்சு எக்ஸ்ரேயைப் படித்துச் சொல்லும் ஏஐ மென்பொருளை வாங்குவது எளிது. வாங்கி ஆறு மாதம் கழித்து என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சில இடங்களில் அதை யாரும் சீண்டுவதே இல்லை. வேறு சில இடங்களில் இரவுப் பணியில் இருக்கும் இளம் டாக்டர், படத்தைச் சரியாகப் பார்க்காமலே அது சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறார். இரண்டுமே தோல்வி. இரண்டாவது, நோயாளிக்கு ஆபத்தான தோல்வி.

எனவே 'ஊழியர்களை ஏற்க வைப்பது' என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எந்தப் படத்தில் இந்த மென்பொருளின் பேச்சைக் கேட்கலாம், எதில் கேட்கக் கூடாது என்று அதைத் தினமும் கையாள்பவர்கள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வழி செய்து கொடுப்பதுதான் நிர்வாகத்தின் வேலை.

இந்த வழிமுறை ஒன்றிரண்டு ரேடியாலஜிஸ்ட், நான்கைந்து எக்ஸ்ரே டெக்னீஷியன்கள், முறை வைத்துப் பணி செய்யும் டியூட்டி டாக்டர்கள் உள்ள நடுத்தர மருத்துவமனைக்கானது. காசநோயை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் டிஜிட்டல் நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் அறிகுறிகளைக் கணினியே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் 2024 டிசம்பரில் தொடங்கிய 100 நாள் காசநோய் இயக்கத்தில், கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகளோடு இந்த மென்பொருளும் முகாம்களுக்குப் போனது. நம் ஊழியர்களில் சிலர் இதை முதலில் சந்தித்தது அந்த முகாம்களில்தான் இருக்கலாம்.

வாங்கும் முன் பேச வேண்டியவர்கள்

விற்பனையாளர் வந்து மதிய உணவோடு ஸ்லைடு காட்டும் கூட்டத்தை முதல் சந்திப்பாக வைக்காதீர்கள். அங்கே எல்லாரும் தலையாட்டுவார்கள். மனதில் உள்ளது வெளியே வராது. ஒவ்வொரு தரப்பிடமும் தனித்தனியாக 20 நிமிடம் பேசுங்கள். ஒவ்வொருவரின் கவலையும் வேறு.

ரேடியாலஜிஸ்ட்டுக்கு முதல் கவலை கையெழுத்து. 'அது நோய் என்றது, நான் இல்லை என்று எழுதினேன், பிறகு நோய் என்று தெரிந்தால் என் கதி என்ன?' இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைக்கும்வரை அவர் மனமார ஒத்துழைக்க மாட்டார். அதில் தவறும் இல்லை. மூத்தவர்களின் சந்தேகத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) படிக்க உதவும் கணினி முறைக்கு அமெரிக்கா 1998இலேயே அனுமதி தந்தது. காப்பீடும் பணம் கொடுத்ததால் எங்கும் பரவியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேமோகிராம்களை வைத்து 2015இல் வெளியான ஆய்வு, அதனால் புற்றுநோயைக் கண்டுபிடிப்பது மேம்படவில்லை என்று காட்டியது. மறுபக்கம், ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த சோதனையின் 2023 முடிவுகள், ஏஐ துணையோடு படிக்கும்போது படிப்பவர்களின் வேலைப்பளு 44 சதவீதம் குறைந்ததையும், கண்டுபிடித்த புற்றுநோய்கள் குறையாததையும் காட்டின. இரண்டையும் மேசையில் வையுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் விவரம் தெரிந்தவர் உங்களை நம்ப மாட்டார்.

டெக்னீஷியனின் பயத்தை யாரும் கேட்பதில்லை. படத்தின் தரத்தையும் மென்பொருள் மதிப்பிட்டால், 'இன்னார் எடுத்த படம் மோசம்' என்ற பட்டியல் மேலிடத்துக்குப் போகுமோ என்று அவர் நினைக்கிறார். ஒரு நோயாளிக்கு இரண்டு கிளிக் கூடினாலும், காலை 9 முதல் 12 வரை வரிசை நிற்கும் நேரத்தில் அது அவருக்குப் பெரிய சுமை. டியூட்டி டாக்டரோ பயப்படுவதில்லை, மகிழ்ச்சியடைகிறார். கவனமாக இருக்க வேண்டியது அவரிடத்தில்தான்.

பேசி முடித்ததும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். 'இருமலோடு வரும் புறநோயாளிகளில் யாரை அன்றே சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது' என்ற அளவுக்குக் குறுகலாக இருக்க வேண்டும். காசநோய், எலும்பு முறிவு, நிமோனியா, இதய வீக்கம் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிட்டால், எதில் நன்றாக வேலை செய்கிறது, எதில் சறுக்குகிறது என்று யாருக்கும் பிடிபடாது.

உங்கள் படங்களிலேயே சோதியுங்கள்

வேறு நாட்டில் எடுத்த எண்களைக் காட்டி உள்ளூர் டாக்டரை நம்பவைக்க முடியாது. உங்கள் மருத்துவமனையின் பழைய படங்களில் 300 எடுங்கள்: உறுதியான காசநோய் 100, மற்றவை 200. நோய் உள்ளவை 100 இருந்தால், மென்பொருள் அவற்றில் 90 சதவீதத்தைப் பிடித்தது என்று வரும் முடிவு ஏறக்குறைய 6 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். 20 படத்தை வைத்துப் பார்த்தால் இந்த இடைவெளி 13 புள்ளிக்கும் மேலே போய்விடும், வாதம்தான் மிஞ்சும்.

உறுதி செய்வதற்குச் சளியின் மூலக்கூறு பரிசோதனை (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) முடிவைப் பயன்படுத்துங்கள். அது இல்லாத படங்களை இரண்டு டாக்டர்கள் ஒருவர் பதிலை மற்றவர் பார்க்காமல் படிக்கட்டும். முரண்பட்டால் மூன்றாமவர் தீர்மானிக்கட்டும். 200 'மற்றவை'யில் சுத்தமான நார்மல் படங்களை மட்டும் நிரப்பாதீர்கள். பழைய காசநோய்த் தழும்பு, படுக்கையில் வைத்து எடுத்த ஏ.பி. படம் (முன்பக்கத்திலிருந்து கதிர் செலுத்துவது), நிமோனியா, நெஞ்சில் குழாய் போட்டவர் எல்லாம் இருக்கட்டும். 15 வயதுக்குட்பட்டவர்களின் படங்களைச் சேர்க்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை அவர்களுக்கானது அல்ல.

முடிவுகளைத் துறை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். முக்கியமாக, தவறியவற்றைப் பாருங்கள். இப்படி ஒரு படம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நடுவயதுப் பெண், பி.ஏ. படம் (முதுகுப்பக்கத்திலிருந்து கதிர் செலுத்துவது), வலது மேல்நுனியில் நீளவாக்கில் ஒரு வெண்ணிழல். மென்பொருள் சந்தேகத்துக்கு ஒன்றுக்கு 0.81 மதிப்பெண் போட்டுச் சிவப்பு வட்டமும் இட்டிருக்கிறது. நிழலின் ஓரத்தைப் பின்தொடர்ந்து பார்த்தால் அது காறை எலும்பைத் தாண்டி, கழுத்தின் தோல்வரை மேலே போகிறது. நுரையீரலுக்குள் உள்ள நோய் நுரையீரலை விட்டு வெளியே போகாது. அது எண்ணெய் தேய்த்துப் பின்னிய சடை. இதை அந்த அறையில் முதலில் சொல்லப்போவது பெரும்பாலும் டெக்னீஷியன்தான். சடையைத் தூக்கிக் கொண்டை போடாமல் எடுத்தால் படம் இப்படித்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். தாயத்து, ரவிக்கை ஊக்கு, தாலிச் சங்கிலி, முலைக்காம்பின் நிழல் என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லிக்கொண்டு போகும்போது, மென்பொருளைத் திருத்துகிறவர் இடத்தில் அவர் நிற்கிறார். அவருடைய பயம் தணிவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். இத்தகைய மென்பொருள் நோயை விட்டுவிட்டு வேறு எதையாவது கற்றுக்கொள்ளக் கூடும். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பயிற்றுவித்த ஒரு ஏஐ வலையமைப்பு, படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதையே இனங்கண்டது. படத்தின் மூலையில் டெக்னீஷியன் வைக்கும் உலோகக் குறியும் அதற்குத் துப்பாக இருந்தது.

வெட்டு எண்ணும் 'சும்மா சும்மா கத்துது' என்ற புகாரும்

மென்பொருள் பொதுவாக ஒரு மதிப்பெண்தான் தரும். எந்த எண்ணுக்கு மேல் போனால் 'சந்தேகம்' என்று கொள்வது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். நிறுவனம் வைத்துக் கொடுத்த எண்ணை அப்படியே விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 70 சதவீதத்தைச் சரியாக விடுவிக்கிறது என்று கொள்வோம். ஊர் முகாமில் 1000 பேர், அவர்களில் 10 பேருக்குக் காசநோய். மென்பொருள் 9 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 990 பேரில் 297 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். 34 எச்சரிக்கைக்கு ஒன்று உண்மை. அதே மென்பொருளை, பத்தில் ஒருவருக்கு நோய் உள்ள இருமல் புறநோயாளிகள் 1000 பேரிடம் வைத்தால், 90 பேரைச் சரியாகவும் 270 பேரைத் தவறாகவும் பிடிக்கும். 4 எச்சரிக்கைக்கு ஒன்று உண்மை.

இந்த இரண்டு எண்களைத் தெரிந்துகொண்ட டெக்னீஷியன், முகாமில் மென்பொருள் அடிக்கடி எச்சரித்தாலும் அதைப் பழுது என்று நினைக்க மாட்டார். தெரியாதவர் இரண்டாம் நாளே திரையைத் திருப்பி வைத்துவிடுவார். வெட்டு எண்ணை முடிவு செய்யும்போது, சளிப் பரிசோதனைக்கூடம் ஒரு நாளில் எத்தனை மாதிரிகளைத் தாங்கும் என்பதையும் கேளுங்கள். கூடம் 15ஐத் தாங்கும் இடத்தில் தினமும் 40 பேரை அனுப்பினால், திட்டம் அங்கே முட்டி நிற்கும்.

நான்கு வாரம் மௌன ஓட்டம்

மென்பொருள் ஓடட்டும், முடிவு சிகிச்சை தருபவர் கண்ணில் பட வேண்டாம். இந்த நான்கு வாரத்தில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் இணைப்பு, பதிவு போன்ற சில்லறைச் சங்கதிகள். ஆனால் ஊழியர் வெறுத்துப் போவது இவற்றால்தான்.

படம் எடுத்ததிலிருந்து முடிவு திரைக்கு வர எத்தனை நிமிடம்? அறிக்கை எழுதி முடித்த பிறகு வரும் முடிவை எவரும் பார்ப்பதில்லை. எக்ஸ்ரே கருவியின் கன்சோலில் உடல் பகுதியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், நெஞ்சுப் படம் 'வயிறு' என்ற பெயரில் போய், மென்பொருள் தொடாமலே விட்டுவிடும். எச்சரிக்கை வராததை 'நார்மல்' என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். ஆகவே 'படிக்கவில்லை' என்பது 'சந்தேகம் இல்லை'யிலிருந்து தனி நிறத்தில், தனிச் சொல்லில் தெரிய வேண்டும். கருப்பு வெள்ளை தலைகீழாகிப் போகும் படங்கள், அவசரத்தில் ஒரே எண்ணில் பதிந்த இரண்டு நோயாளிகள், பழைய சி.ஆர். கேசட்டில் (படம் பதியும் தகடு உள்ள பெட்டி) விழுந்த கீறல்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பிலிமை லைட் பாக்ஸில் வைத்து மொபைலில் படமெடுத்து அனுப்பும் பழக்கத்தை இந்த வேலையில் அனுமதிக்காதீர்கள்.

முதலில் மனிதர் படிக்கட்டும்

திறந்துவிடும் நாளில் ஒரு விதியை விட்டுக்கொடுக்காதீர்கள்: டாக்டர் தன் கருத்தைப் பதிந்த பிறகே மென்பொருளின் முடிவு தெரிய வேண்டும். முழு அறிக்கை தேவையில்லை. 'சந்தேகம் உண்டு', 'இல்லை' என்று ஒரு கிளிக் போதும்.

காரணம் இதுதான். 2023இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றில் 27 ரேடியாலஜிஸ்ட்கள் 50 மேமோகிராம்களைப் படித்தார்கள். சிலவற்றில் வேண்டுமென்றே தவறான பதிலை 'ஏஐ சொன்னது' என்று காட்டினார்கள். காட்டிய பதில் சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் ஏறக்குறைய 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். தவறாக இருந்தபோது அது 20 சதவீதத்துக்கு விழுந்தது. நீண்ட அனுபவம் உள்ளவர்களே 82 சதவீதத்திலிருந்து 45 சொச்சத்துக்கு இறங்கினார்கள். இந்த எண்களை டியூட்டி டாக்டர்களின் பயிற்சியில் முதலில் சொல்லுங்கள். பிறகு 20 படம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவற்றில் ஆறில் மென்பொருள் தவறாகச் சொல்லியிருக்கட்டும். எத்தனை பேர் கூடவே போய் விழுந்தார்கள் என்பதை அவரவரிடம் மட்டும் தனியாகக் காட்டுங்கள். சபையில் வாசிக்காதீர்கள்.

மறுத்துச் சொல்வது ஒத்துக்கொள்வதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். 'ஒத்துக்கொள்ள' ஒரு கிளிக்கும் 'மறுக்க' ஐந்து வரி விளக்கமும் கேட்டால், எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். மறுப்புக்கும் ஒரு கிளிக். காரணம் சடை, தழும்பு, படத் தரம், வேறு என நான்கில் ஒன்று. வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், முரண்பட்ட படங்களை மட்டும் சேர்ந்து பாருங்கள். டெக்னீஷியனும் கட்டாயம் இருக்கட்டும். இந்தக் கூட்டத்தில் வந்த எதையும் பணி மதிப்பீட்டுக்கு எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள்.

பொறுப்புத் தாளுக்கு ஒரு பக்கம் போதும். இறுதி முடிவு கையெழுத்திடும் டாக்டருடையது; நியாயமான காரணம் பதிந்து மென்பொருளை மறுத்தவர் பக்கம் மருத்துவமனை நிற்கும்; மென்பொருளின் தாளை நேரடியாக நோயாளி கையில் கொடுக்கக் கூடாது; 'கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது' என்று யாரிடமும் சொல்லக் கூடாது. நோயாளி கேட்டால்: 'டாக்டர்தான் பார்க்கிறார், கூட ஒரு மென்பொருளும் சரிபார்க்கிறது.' மருத்துவச் சாதன விதிகள் 2017இன் கீழ் உரிமம் உண்டா என்று கேட்டு நகலை வாங்கி வையுங்கள். படங்கள் எந்தச் சர்வரில் தங்கும், பெயரை நீக்கி அனுப்புகிறார்களா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பயன்பாட்டு சதவீதத்தை இலக்காக வைக்காதீர்கள். '95 சதவீதம் பேர் திறந்து பார்த்தார்கள்' என்ற எண்ணுக்காகப் பார்க்காமலே கிளிக் செய்வார்கள். அதற்குப் பதிலாக மாதாமாதம் மூன்றைக் குறித்து வையுங்கள்: நூறு படத்துக்கு எத்தனை எச்சரிக்கை, அவற்றில் எத்தனை சளியில் உறுதியானது, எத்தனை மறுப்பு. மறுப்பு பூஜ்யத்தை நெருங்கினால் மகிழாதீர்கள். படிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

நிறுவனம் புதிய பதிப்பை ஏற்றினால் பழைய வெட்டு எண் செல்லாது. முன்பு 0.60இல் நின்ற படம் புதியதில் 0.45 ஆகலாம். அந்த 300 படங்களை அதற்காகத்தான் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது: மறுபடி ஓட்டிப் பாருங்கள், எண்ணைத் திருத்துங்கள், அதுவரை முடிவுகளைத் திரையில் காட்டாதீர்கள். அப்படி நிறுத்தும் அதிகாரம் ரேடியாலஜிஸ்ட்டிடம் இருக்க வேண்டும். அவர் இல்லாத வேளையில், பணியில் உள்ள மூத்த டெக்னீஷியனிடம்.