எறி, வீசு, அடி: ஆங்கிலத்தில் எந்த வினையை எங்கே போடுவது?

'எறி', 'அடி' என்ற இரண்டு வினைகளை வைத்துக்கொண்டே தமிழில் நிறையச் சொல்லிவிடலாம். ஓங்கி அடித்தான், மாறி மாறி அடித்தான், லேசாக ஒரு அடி வைத்தான் என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் விதம் வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த விதம் பெரும்பாலும் வினைக்குள்ளேயே இருக்கும். அதனால் 'எறி' என்று அகராதி பொருள் சொல்லும் ஐந்தாறு வினைகளை வரிசையாக மனப்பாடம் செய்து பயனில்லை. ஒவ்வொரு வினையும் தனக்குப் பின்னால் எந்தச் சொல்லைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், தொடங்கலாம்.

படி 1: பிடிப்பதற்கா, படுவதற்கா?

'த்ரோ' பொதுவான வினை. த்ரோ, த்ரூ, த்ரோன் என்று மாறும். 'த்ரோட்' என்று ஒன்று கிடையாது. இதன் பின்னால் வரும் சின்னச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. 'த்ரோ த பால் டு மீ' என்றால் நான் பிடிப்பதற்காக எறி. 'த்ரோ த பால் அட் மீ' என்றால் என் மேல் படும்படி எறி. 'டு' வந்தால் எதிரில் இருப்பவர் வாங்கிக்கொள்பவர், 'அட்' வந்தால் அவர் குறி.

2008 டிசம்பரில் பாக்தாத்தில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் மீது ஓர் ஈராக்கியச் செய்தியாளர் தன் இரண்டு ஷூக்களையும் கழற்றி எறிந்தார். புஷ் குனிந்து தப்பினார். அதை ஆங்கிலத்தில் சொன்னால் 'ஹி த்ரூ ஹிஸ் ஷூஸ் அட் புஷ்'. அந்த இடத்தில் 'டு' போட்டால், 'இந்தாங்க, பிடிங்க' என்று ஷூவைக் கொடுத்தது போல ஆகிவிடும். ஒரே ஒரு சொல்லில் ஒரு தாக்குதல் காணாமல் போகிறது.

ஒரு கூடுதல் தகவல். 'த்ரோ' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் முறுக்குதல், சுழற்றுதல் என்று பொருள். குயவர் சக்கரத்தில் பானை வனைவதை இன்றும் ஆங்கிலத்தில் 'த்ரோயிங் எ பாட்' என்பார்கள். அதைப் 'பானையை எறிகிறார்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

படி 2: எவ்வளவு வேகம், என்ன மனநிலை?

இங்கே நான்கு வினைகள் போதும். மெதுவானதில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும்.

'டாஸ்': கையை அதிகம் வீசாமல், அலட்டிக்கொள்ளாமல் போடுவது. 'டாஸ் மீ த கீஸ்', அதாவது சாவியைத் தூக்கிப் போடு. நாணயம் சுண்டுவதும் இதே வினைதான்.

'த்ரோ': நடுவில் நிற்பது. எதைப் போடுவதென்று குழம்பினால் இதையே போடுங்கள், பெரும்பாலும் தப்பு வராது.

'ஃப்ளிங்': குறி பார்க்காமல், உணர்ச்சி வேகத்தில் விட்டெறிவது. இறந்தகாலம் 'ஃப்ளங்'. கோபம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தைக்கும் 'ஷி ஃப்ளங் ஹர் ஆர்ம்ஸ் அரௌண்ட் மை நெக்' என்பார்கள்.

'ஹர்ல்': முழு பலத்தையும் போட்டு, வன்முறையாக வீசுவது. வசைகூட 'ஹர்ல்' ஆகும். 'ஹர்ல் அப்யூஸ்' என்பது செய்திகளில் அடிக்கடி வரும் தொடர். மேலே சொன்ன ஷூ சம்பவத்தில் 'த்ரூ' என்று எழுதினால் நடந்ததை மட்டும் சொல்கிறீர்கள். 'ஹர்ல்ட்' என்று எழுதினால் அதன் ஆவேசத்தையும் சேர்த்துச் சொல்கிறீர்கள். ஒரு நிகழ்வை எழுதும்போது இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது சின்ன விஷயமே இல்லை.

படி 3: பாதையும் எடையும்

இதை வேகமாகத் தாண்டிவிடலாம். உயரமாக வளைந்து போய் விழுந்தால் 'லாப்' (lob). போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசும் செய்திகளில் பார்க்கலாம். மூச்சைப் பிடித்துத் தூக்கி எறியும் கனமான பொருளுக்கு 'ஹீவ்'. மீன்வலைக்கும் தூண்டிலுக்கும் 'காஸ்ட்'. வாக்களிப்பதற்கும் அதே வினைதான், மூன்று காலத்திலும் வடிவம் மாறாது.

'சக்' (chuck) என்பது பேச்சுவழக்கு. 'சக் இட் இன் த பின்' என்றால் குப்பையில் போடு. கிரிக்கெட்டில் மட்டும் இது கடுமையான குற்றச்சாட்டு. பந்துவீசுவது 'பௌல்', முழங்கையை மடக்கி நீட்டி எறிவது 'த்ரோ', கொச்சையாக 'சக்'. 1995இல் மெல்போர்ன் டெஸ்டில் நடுவர் டேரல் ஹேர், முத்தையா முரளிதரனின் பந்துகளுக்கு நோ பால் கொடுத்தது இந்த வேறுபாட்டை வைத்துத்தான். பிறகு, 2005இல், முழங்கை 15 டிகிரி வரை நீளலாம் என்று எல்லோருக்கும் பொதுவான வரம்பு வந்தது. முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார். அவர் பெயரோடு 'சக்' என்ற வினையைச் சேர்த்து எழுதுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

படி 4: 'பெல்ட்'

இடுப்பில் கட்டும் பெல்ட் (belt) வேறு, இது (pelt) வேறு. ஒன்றல்ல, பல பொருள்களை அடுத்தடுத்து ஒருவர் மேல் எறிவதுதான் 'பெல்ட்'. ஒரே ஒரு கல்லை எறிந்தால் 'த்ரோ'. கல்மாரி பொழிந்தால் 'பெல்ட்'.

வாக்கிய அமைப்பில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'த்ரோ'வுக்கு அடுத்து எறியப்படும் பொருள் வரும். 'பெல்ட்'டுக்கு அடுத்து அடி வாங்குபவர் வருவார், பொருள் 'வித்' போட்டுக் கடைசியில் வரும். ஸ்பெயினில் வலென்சியாவுக்குப் பக்கத்தில் புன்யோல் என்ற ஊர் இருக்கிறது. ஆகஸ்ட் மாதக் கடைசிப் புதன்கிழமை அங்கே தக்காளித் திருவிழா. பழுத்த தக்காளிகளை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து தெருவையே சிவப்பாக்கிவிடுவார்கள். அதை இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள்:

தே த்ரோ டொமேட்டோஸ் அட் ஈச் அதர்.
தே பெல்ட் ஈச் அதர் வித் டொமேட்டோஸ்.

தக்காளியும் ஆளும் இடம் மாறியதைக் கவனியுங்கள். நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் 'ஸ்டோன்ஸ் வேர் பெல்டெட்' என்றும் வரும். இங்கே அது பழகிப்போன வழக்கு, எல்லோருக்கும் புரியும். ஆனால் தேர்விலோ வெளிநாட்டு வாசகர்களுக்கோ எழுதும்போது 'வித்' அமைப்பையே வையுங்கள்.

படி 5: 'ஹிட்', 'பீட்', 'ஸ்ட்ரைக்'

ஒரு தடவை பட்டால் 'ஹிட்'. வேண்டுமென்றே அடித்தாலும் சரி, தெரியாமல் இடித்தாலும் சரி. ஒருவர் மேல் லாரி மோதினால் 'எ லாரி ஹிட் ஹிம்'. அங்கே 'பீட்' வராது.

திரும்பத் திரும்ப அடித்தால் 'பீட்'. முரசு கொட்டுவது, முட்டை அடித்துக் கலக்குவது, இதயம் துடிப்பது எல்லாம் இதில் அடங்கும். 'மை டீச்சர் ஹிட் மீ' என்று சொல்ல வந்து 'பீட் மீ' என்றால், ஒரு தட்டு வாங்கியது அல்ல, நையப்புடைக்கப்பட்டது என்றே கேட்பவர் நினைப்பார். (இறந்தகாலத்துக்கு 'பெட்' என்ற வடிவமே கிடையாது. அதுவும் 'பீட்'தான், அதற்கு அடுத்தது 'பீட்டன்'.) விளையாட்டில் தோற்கடிப்பதும் இதுவே: 1983 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் 'இந்தியா பீட் வெஸ்ட் இண்டீஸ்'.

'ஸ்ட்ரைக்' கொஞ்சம் எழுத்துநடை. இறந்தகாலம் 'ஸ்ட்ரக்'. மின்னல் தாக்குவது, நிலநடுக்கம் தாக்குவது, கடிகாரம் மணி அடிப்பது என்று கை இல்லாமல் விழும் அடிகளுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

கையின் எந்தப் பகுதி என்பதில் தமிழே உங்களுக்குத் துணை. அறைவது 'ஸ்லாப்', குத்துவது 'பஞ்ச்', லேசாகத் தட்டுவது 'டேப்' (tap), பாராட்டித் தட்டிக்கொடுப்பது 'பேட்' (pat), கதவைத் தட்டுவது 'நாக்'. இந்த நம் சொற்களும் விதத்தை உள்ளேயே வைத்திருப்பதால் சீக்கிரம் மனதில் நிற்கும்.

அடி விழுந்த இடத்தைச் சொல்லும்போது முதலில் ஆள், அப்புறம் உறுப்பு: 'த பால் ஹிட் ஹிம் ஆன் த ஹெட்'. 'அவனுடைய தலையை' என்று தொடங்கி 'ஹி ஹிட் ஹிஸ் ஹெட்' என்று சொன்னால், அவனே போய் எங்கோ தலையை இடித்துக்கொண்டான் என்று ஆகும்.

படி 6: எழுதிப் பாருங்கள்

விடையை மறைத்துக்கொண்டு முயலுங்கள்.

மாமரத்தின் மேல் கல் எறிந்தார்கள். (தே த்ரூ ஸ்டோன்ஸ் அட் த மாங்கோ ட்ரீ.)

கோபத்தில் புத்தகத்தை விட்டெறிந்தாள். (ஷி ஃப்ளங் த புக் அக்ராஸ் த ரூம்.)

கூட்டத்தினர் பேச்சாளர் மேல் முட்டைகளாக வீசித் தள்ளினார்கள். (த க்ரௌட் பெல்டெட் த ஸ்பீக்கர் வித் எக்ஸ்.)

தோளில் தட்டிக் கூப்பிட்டார். (ஹி டேப்ட் மீ ஆன் த ஷோல்டர்.)

போன் அடிக்கிறது, விசில் அடித்தார், சுவருக்குப் பெயிண்ட் அடித்தோம். இந்த மூன்றிலும் அடியே இல்லை, அதனால் மேலே படித்த எந்த வினையும் வராது: ரிங், ப்ளோ, பெயிண்ட்.