கரட்டுப் பாறையில் ஒரு மோங்கோ: படக்கதையை அசைபடமாக்கும் முறை

காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் ஊரில், சென்ற கோடை விடுமுறையில், அக்கா பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுமாக ஆறு பேர் சேர்ந்து நாற்பது விநாடி ஓடும் ஓர் அறிவியல் புனைகதை அசைபடத்தை (அனிமேஷன்) ஒன்பது நாளில் செய்து முடித்தார்கள். கைப்பேசி ஒன்று, பழைய மடிக்கணினி ஒன்று, ஜெராக்ஸ் கடையில் வாங்கிய ஓஎச்பி ஷீட்டுகள் என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்கள், சார்ட்டுத் தாள், செங்கல் ஆகியவற்றுக்கு மேல் எங்களிடம் எதுவும் இல்லை. அதே வேலையை உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ செய்து பார்க்க விரும்புவோருக்காக அந்த முறையை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் பாடமாகக் கொள்ளத்தக்க தொடர் ஒன்று உண்டு. அலெக்ஸ் ரேமண்ட் வரைந்து 1934 ஜனவரி 7 முதல் அமெரிக்க ஞாயிறு இதழ்களில் வெளிவந்த 'ஃபிளாஷ் கார்டன்' படக்கதையை, ஃபில்மேஷன் என்னும் அமெரிக்க அசைபட நிறுவனம் தொடராக்கியது. அது 1979 செப்டம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஃபிளாஷ், டேல் ஆர்டன், விஞ்ஞானி ஸார்கோவ் ஆகிய மூவரும் மோங்கோ என்னும் கோளுக்குச் சென்று, கொடுங்கோலன் மிங்கை எதிர்ப்பதே கதை. கோளின் பெயரைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர் மாந்தோப்புகள் நினைவுக்கு வந்துவிட்டதால், அன்று முழுவதும் அதை 'மாங்கோ' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொடரின் இரண்டு பகுதிகளை அவர்களுக்குப் போட்டுக் காட்டி, 'இதில் எது அசைகிறது, எது அசையாமல் நிற்கிறது' என்று மட்டும் குறிக்கச் சொன்னேன். பேசுகிறவரின் வாய் மட்டும் அசைவதையும், ஒரே ஓட்டமும் ஒரே விண்கலப் பறப்பும் வேறு வேறு இடங்களில் திரும்ப வருவதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். படக்கதையை அசைபடமாக்குவதில் முதல் வேலை வரைவதன்று, எதை அசைப்பது என்று தேர்ந்தெடுப்பதே என்பது என் உறுதியான எண்ணம்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்குக் கணக்கே போதும். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 படங்கள் வேண்டும். எங்கள் நாற்பது விநாடிக்கே 480 படங்கள் ஆகின்றன. 22 நிமிடப் பகுதி ஒன்றுக்கு 15,840 படங்கள் தேவைப்படும் என்னும்போது, வாரந்தோறும் ஒளிபரப்ப வேண்டிய ஒரு நிறுவனம் ஒருமுறை வரைந்ததைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் வியப்பில்லை.

ஆகவே முதலில் உங்கள் சொந்தக் கதையை ஆறு கட்டங்களில் படக்கதையாக வரைந்துகொள்ளுங்கள். ரேமண்ட் பிற்காலத்தில் பேச்சுக் குமிழ்களை விட்டுவிட்டு உரை முழுவதையும் படத்தின் ஓரத்தில் எழுதியதால், அவருடைய படங்கள் மறைப்பின்றித் தெளிவாக நிற்கின்றன. நீங்களும் வசனத்தைக் கட்டத்துக்கு வெளியே எழுதினால், எது ஒலியாக வேண்டும், எது காட்சியாக வேண்டும் என்பது உடனே பிரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் அசைய வேண்டிய ஒன்றை மட்டும் சிவப்புப் பென்சிலால் சுழியுங்கள். இரண்டு சுழி விழுந்தால் ஒன்றை அழித்துவிடுங்கள்.

வரையும் முன்னரே குரலைப் பதிவு செய்துவிட வேண்டும், ஏனெனில் வாயசைவின் நீளத்தைக் குரல்தான் தீர்மானிக்கிறது. எங்கள் கதையின் கொடுங்கோல் மன்னனுக்குக் குரல் கொடுத்த பையன், ஊர்த் திருவிழாவில் பார்த்த தெருக்கூத்து இரணியனைப் போலவே இழுத்துப் பேசினான். அந்தக் குரலுக்குப் பிறகு மன்னனின் முகத்தை எப்படி வரைவது என்று யாரும் கேட்கவில்லை.

மனித அசைவுக்கு ரோட்டோஸ்கோப் முறையைக் கையாளுங்கள். மாக்ஸ் ஃபிளைஷர் 1917இல் காப்புரிமை பெற்ற இந்த முறையில், நிஜ மனிதரைப் படம்பிடித்து, ஒவ்வொரு சட்டகத்தின் மேலும் கோடு வரைவார்கள். ஃபில்மேஷனும் இத்தொடரில் இதைப் பயன்படுத்தியது. களத்து மேட்டில் ஒருவரைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, கைப்பேசியில் படம்பிடித்து, மடிக்கணினித் திரையில் நிறுத்தி, அதன் மேல் பட்டர் பேப்பரை ஒட்டி மெல்லிய பென்சிலால் வெளிக்கோட்டை மட்டும் எடுங்கள். கைப்பேசித் திரையின் மேலேயே வரைய முயன்றால் விரல் பட்டுப் படம் நகர்ந்துவிடும். வலது கால் ஊன்றுவதிலிருந்து மறுபடி வலது கால் ஊன்றுவது வரை எட்டுப் படங்கள் போதும்; அந்த எட்டையே சுற்றிச் சுற்றி ஓட்டினால் உங்கள் வீரன் எவ்வளவு தூரமும் ஓடுவான். கோடு தடுமாறாமல் இருக்க, எட்டுத் தாள்களுக்கும் ஒரே இடத்தில் பஞ்சிங் மெஷினால் துளையிட்டு, அட்டையில் ஒட்டிய இரண்டு பென்சில் துண்டுகளில் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்கலம்தான் இந்த வேலையில் மிகச் சுவையான பகுதி. ஃபில்மேஷன் கலைஞர்கள் கலங்களின் மாதிரி உருவங்களைச் செய்து படம்பிடித்து, அவற்றைக் கோட்டோவியமாக மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் அத்தொடரில் கலங்கள் திரும்பும்போது கையால் வரைந்தவற்றில் காணக் கிடைக்காத கன அளவு தெரிகிறது. நாங்கள் ஊதுபத்திக் குழாயை உடலாகவும் சார்ட்டுத் தாளைச் சிறகாகவும் வைத்து, முழுவதும் கருப்புப் பெயின்ட் அடித்து, விளிம்புகளுக்கு மட்டும் வெள்ளைக் கோடு இட்டோம். கருப்புத் துணிக்கு முன்னால் வைத்து, படத்துக்கு ஐந்து பாகை வீதம் திருப்பினால் 72 படங்களில் கலம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். அந்தப் படங்களைக் கணினியில் கருப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கருப்பாகவும் மாற்றிப் போட்டால் வெள்ளைத் தாளில் கருப்புக் கோடுகளாகிவிடும். தேவையானவற்றை மட்டும் ஓஎச்பி ஷீட்டில் அச்சிட்டு, ஷீட்டின் பின்பக்கத்தில் வண்ணம் பூசுங்கள். முன்பக்கம் பூசினால் கோடு மறைந்துவிடும்.

பின்னணிக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. உருண்டு நிற்கும் பெரும்பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாங்கிய நம் கரடுகளை மாலை வெயிலில் பார்த்தவருக்கு வேற்றுக் கோள் புதிதன்று. படங்கள் எடுத்து, பாறையின் நிழலை ஊதா நிறத்திலும் வானத்தைச் செம்மஞ்சளிலும் வரைந்தோம். ஆழம் தோன்ற, சட்டத்திலிருந்து கழற்றிய மூன்று கண்ணாடிகளைச் செங்கல் கனத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் கண்ணாடியில் அருகிலுள்ள பாறையையும் நடுவில் கரட்டையும் அடியில் வானத்தையும் வையுங்கள். படத்துக்குப் படம் மேலுள்ளதை ஆறு மில்லிமீட்டர், நடுவிலுள்ளதை மூன்று, வானத்தை ஒன்று என நகர்த்தினால், கலத்தில் அமர்ந்து கரட்டைக் கடந்து போவது போலவே இருக்கும். கண்ணாடி விளிம்புகளில் செலோடேப் ஒட்டிய பின்பே பிள்ளைகளிடம் கொடுங்கள்.

கைப்பேசியை நேர்மேலே, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே போட்ட பலகையில் கட்டி, வெளிச்சத்தையும் குவியத்தையும் (ஃபோகஸ்) மாறாதபடி பூட்டிவிட்டு, படம் படமாக எடுத்துக் கோக்கும் ஸ்டாப் மோஷன் செயலியில் விநாடிக்கு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலை மூடி விளக்கொளியில் மட்டும் எடுங்கள். எங்கள் முதல் நாள் வேலை முழுவதும் வீணானது, யாரோ வெக்கை தாளாமல் ஃபேனைப் போட்டதால். 110 படங்களுக்குப் பிறகு அட்டை மனிதன் தாளோடு பறந்துவிட்டான். மறுநாளிலிருந்து விடியற்காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை மட்டும் எடுத்தோம்.

படத்தை எங்கே நிறுத்துவது என்பதையும் அந்தத் தொடரே கற்றுத் தருகிறது. அதன் முதல் பருவத்தின் 16 பகுதிகள் ஒரே கதையாக, ஞாயிறு படக்கதையைப் போலவே ஆபத்தின் விளிம்பில் நின்று நின்று தொடர்ந்தன. 1982இல் வந்த இரண்டாம் பருவம், பகுதிக்கு இரண்டாகத் தனித்தனிச் சிறு கதைகளாகிவிட்டது. முதல் பருவத்தின் பதைப்பு இரண்டாவதில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே ஆறாவது கட்டத்தில் கதையை முடிக்காதீர்கள். எங்கள் படத்தின் கடைசி 12 சட்டகங்களில் கலம் பாறை இடுக்கில் சிக்கி நிற்க, 'தொடரும்' என்ற சொல்லைக் கடைக்குட்டி சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாள். அடுத்த ஆறு கட்டங்களை அன்று இரவே வரைய உட்கார்ந்துவிட்டார்கள்.