மைனஸ் 30 குளிருக்கு எந்த ஹீட்டிங்? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வீட்டின் பரப்பளவை மட்டும் சொல்லி ஹீட்டர் கேட்டால், தேவையைவிடப் பெரியதுதான் பெரும்பாலும் வந்து சேரும். அது சில நிமிடம் ஓடி நிற்கும், மறுபடி ஓடும். எரிபொருளும் வீண், பாகங்களும் சீக்கிரம் தேயும். அதனால் இயந்திரத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் வீட்டை அளப்போம்.

படி 1: வெப்ப இழப்பு

உங்கள் பகுதியின் வடிவமைப்பு வெப்பநிலையைக் கண்டுபிடியுங்கள். இதுவரை பதிவான கடுங்குளிர் எவ்வளவு என்பதல்ல அது. ஆண்டில் 99 சதவீத நேரம் வெளிவெப்பநிலை எந்த அளவுக்குக் கீழே போகாதோ, அந்த அளவு. அது மைனஸ் 29, வீட்டுக்குள் வேண்டியது 21 என்றால் வித்தியாசம் 50 டிகிரி செல்சியஸ்.

10 × 12 மீட்டரில், 2.5 மீட்டர் உயரத்தில் ஒரு தரைத்தள வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பரப்பையும் (சதுர மீட்டர்) அதன் யு மதிப்பால் பெருக்க வேண்டும். ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெளியேறும் என்பதே யு மதிப்பு.

சுவர்: 92 × 0.3 = 27.6
ஜன்னல், கதவு: 18 × 1.6 = 28.8
கூரை: 120 × 0.15 = 18
தரை: 120 × 0.25 = 30
காற்றுக் கசிவு: 300 கன மீட்டர் × 0.5 (மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது) × 0.33 (ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய வாட்-மணி) = 49.5

மொத்தம், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 154 வாட். அதை 50-ஆல் பெருக்கினால் 7.7 கிலோவாட். தரைக்கு அடியிலுள்ள மண் வெளிக்காற்று அளவுக்குக் குளிராது என்பதால் உண்மை இழப்பு இதைவிடச் சற்றுக் குறைவுதான். முதல் கணக்குக்கு இது போதும்.

படி 2: ஓட்டையை அடைத்துவிடுங்கள்

மேலே உள்ள எண்களை இன்னொரு முறை பாருங்கள். 18 சதுர மீட்டர் ஜன்னலும் கதவும் 92 சதுர மீட்டர் சுவரைவிட அதிகம் விழுங்குகின்றன. மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போகிறது! பரண் மூடி, ஜன்னல் சட்டம், குழாய் நுழையும் துளை ஆகியவற்றை அடைத்துக் கசிவைப் பாதியாக்கினால் 1.2 கிலோவாட் மிச்சம். இந்த வேலையை முடித்துவிட்டுத்தான் ஹீட்டர் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

படி 3: இயந்திரம்

காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் போட்டிருக்கும் திறன், வெளியே 7 அல்லது 8 டிகிரி இருக்கும்போது அளந்தது. குளிர் கூடக்கூட அது சரியும், வீட்டின் தேவையோ ஏறும். ஆகவே மைனஸ் 25-இல் எத்தனை கிலோவாட் தரும் என்று விவரத்தாளில் தேடுங்கள். அந்த எண்ணே இல்லாத மாடலை விட்டுவிடலாம். போதாத மிச்சத்துக்கு மின் சுருளோ வேறு ஹீட்டரோ துணைக்கு வேண்டும். வெளி யூனிட்டைப் பனி குவியும் உயரத்துக்கு மேலே தாங்கியில் ஏற்றுங்கள். உறைபனி நீக்கும்போது வடியும் நீர் அடியில் பனிக்கட்டியாகி விசிறியை உடைக்கும்.

குழாய் எரிவாயு இருந்தால் கண்டென்சிங் ஃபர்னஸ் (புகையிலுள்ள நீராவியை நீராக்கி அதன் வெப்பத்தையும் எடுத்து, காற்றைச் சூடாக்கும் இயந்திரம்) எளிய தேர்வு. 90 சதவீதத்துக்கு மேல் திறன் உண்டு, அதாவது எரிபொருளின் வெப்பத்தில் அவ்வளவு பங்கு வீட்டுக்குக் கிடைக்கும். நீரைச் சூடாக்கி வீட்டுக் குழாய்களில் சுற்றவிடும் பாய்லர் என்றால், திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்தத் திறன் கிடைக்கும். புரொப்பேன் மைனஸ் 42-இல்தான் கொதிக்கும். அதை நெருங்கும் குளிரில் தொட்டியில் அழுத்தம் இல்லாமல் போகும். வெளியே வைத்த டீசல் தொட்டியில் மெழுகு படிந்து வடிகட்டி அடைபடும்.

படி 4: செலவு

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட்-மணி, புரொப்பேனில் 7, ஒரு கிலோ காய்ந்த விறகில் 4. விலையை இந்த எண்ணாலும், பிறகு திறனாலும் (90 சதவீதம் என்றால் 0.9) வகுத்தால் ஒரு கிலோவாட்-மணி வெப்பத்தின் விலை கிடைக்கும். மின்சாரத்துக்கு ஒரு கிலோவாட்-மணி விலையைத் திறனால் மட்டும் வகுத்தால் போதும்: திறன் மின்சாரச் சுருளுக்கு 1, ஹீட் பம்புக்குக் குளிர்கால சராசரியாக 2 என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 5: கரண்ட் போனால்

ஃபர்னஸ் விசிறிக்கும் பாய்லர் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். எனவே மின்சாரமே தேவைப்படாத விறகு அடுப்பு ஒன்று இருக்கட்டும். கூடவே பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு (எரியும்போது வரும் மணமற்ற நச்சு வாயு) அலாரமும். கண்டென்சிங் இயந்திரத்தில் நீராவி நீராகி வடியும் குழாயை வெளிச்சுவர் வழியே கொண்டுபோகாதீர்கள். அது உறைந்தால், கடுங்குளிர் இரவில்தான் ஃபர்னஸ் தானாக நின்றுபோகும்.