புரோக்கன் ஹில்லின் பழைய கதையை வரைபடத்தில் படிப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது புரோக்கன் ஹில். அதன் வரலாற்றைத் தேடுபவர்கள் நேரே வெள்ளிச் சுரங்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் தண்ணீரில் தொடங்கச் சொல்வேன். ஆண்டுக்குச் சுமார் 250 மில்லிமீட்டர்தான் மழை. ஆகவே முதலில் டார்லிங் ஆற்றின் மேல் பென்சிலை ஓட்டுங்கள். கரையோரத்து மெனிண்டியையும் வில்கானியாவையும் வட்டமிடுங்கள். ஆட்டுப்பண்ணைகளின் கம்பளி அந்த ஆற்றில்தான் நீராவிப் படகேறிப் போனது. பண்ணைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது வில்யாகாலி என்ற பழங்குடி மக்களின் நிலம். அந்தப் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாத வரைபடம் அரைகுறைதான்.

அப்புறம் மவுண்ட் கிப்ஸ் பண்ணையைக் குறியுங்கள். 1883-இல் தாதுப் பாறைக்கு உரிமை கோரிய சார்லஸ் ராஸ்ப், அந்தப் பண்ணையின் எல்லை வேலிகளைச் சுற்றிவந்து பார்க்கும் வேலையில் இருந்தவர். மேய்ச்சல் நிலத்துக்குள்ளிருந்துதான் சுரங்கம் பிறந்தது.

இப்போது நகரத் தெருப்படத்தை விரியுங்கள். தெருக்கள் வடக்கு தெற்காக இல்லை, சாய்ந்து கிடக்கின்றன. தாது வடகிழக்கு - தென்மேற்காக ஓடுகிறது. ஆர்ஜென்ட் (வெள்ளி) தெரு அதற்கு இணையாகப் போகிறது. குறுக்கே சல்பைடு, குளோரைடு, ஆக்சைடு என்று தாதுக்களின் வேதிப்பெயர்களே தெருப்பெயர்கள்! எனக்குத் தெரிந்து இவ்வளவு வெளிப்படையாகத் தன் பிழைப்பைச் சொல்லும் தெருப்படம் வேறில்லை.

ரயில் பாதையைத் தொடர்ந்தால் அது முதலில் மேற்கே போகும். 1888-இல் சில்வர்டன் டிராம்வே என்ற தனியார் ரயில் பாதை தெற்கு ஆஸ்திரேலிய எல்லையைத் தொட்டது. தாது அந்த மாநிலத்தின் போர்ட் பிரி துறைமுகத்துக்குப் போனது. சிட்னியோடு முழு ரயில் இணைப்பு 1927-இல்தான் வந்தது. இன்றும் ஊர்க் கடிகாரம் சிட்னிக்கு அரை மணி பின்னால், தெற்கு ஆஸ்திரேலியத் தலைநகர் அடிலெய்டின் நேரத்தில் ஓடுகிறது.

கடைசியாக மரங்கள். இதை அவசரப்படாமல் செய்யுங்கள். சுரங்கத்துக்கும் அடுப்புக்கும் மல்கா என்ற வறண்ட நிலத்து மரங்களை வெட்டினார்கள். மிச்சத்தை ஆடும் முயலும் மேய்ந்தன. மணல் வீட்டு வாசல்வரை வந்தது. 1936-இல் உள்ளூர்த் தாவர ஆர்வலர் ஆல்பர்ட் மோரிஸ் முன்னின்று நகர ஓரத்தில் வேலி போடவைத்தார். ஆடும் முயலும் நுழையாத இடத்தில் செடிகள் தாமாகவே முளைத்தன. செயற்கைக்கோள் படத்தில் ஊரின் விளிம்பைப் பெரிதாக்குங்கள். எங்கே நிலத்தின் நிறம் நேர்கோட்டில் மாறுகிறதோ, அங்கே ஒரு வேலி இருக்கிறதா என்று பழைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வேலி போட்ட ஆண்டு தெரியவேண்டுமானால், ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ் (Trove) இணையதளத்தில் அன்றைய நாளிதழ்களைத் தேடலாம்.