செம்பருத்தி, எறும்பு, மாவுப்பூச்சி: வீட்டிலேயே ஒரு சூழலியல் ஆய்வு செய்வது எப்படி?

மாவுப்பூச்சி பிடித்த செம்பருத்தியில் பெரும்பாலும் எறும்பும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எறும்பு அந்தப் பூச்சிக்குக் காவல் நிற்கிறது என்பார்கள் சிலர். இனிப்புக்காக வந்து போகிறது, அவ்வளவுதான் என்பார்கள் வேறு சிலர். வாதாட வேண்டாம், செடியிடமே கேட்டுவிடலாம். கேட்கும் முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஜோசப் கானெல் என்ற அமெரிக்கச் சூழலியலாளர். 1950களில் ஸ்காட்லாந்தின் கம்பிரே தீவுக் கடற்கரையில் கொட்டலசுகளை ஆராய்ந்தார். படகின் அடியிலும் பாறையிலும் ஒட்டி வளர்ந்து காலைக் கீறுமே, அந்தச் சுண்ணாம்பு ஓட்டு உயிரிதான்.

படி 1: முதலில் பாருங்கள்

சில நாட்கள் செடியைத் தொடாமல் கவனியுங்கள். எந்தக் கிளையில் பூச்சி, எந்தக் கிளையில் எறும்பு, என்ன நேரம் என்று தேதி போட்டு எழுதுங்கள். கானெல் கண்டது இது: பாறையின் மேல்பகுதியில் சின்ன இனம், கீழ்ப்பகுதியில் பெரிய இனம். சின்ன இனத்தின் குஞ்சுகள் கீழேயும் வந்து ஒட்டுகின்றன. ஆனால் வளர்ந்தவை அங்கே இல்லை. நல்ல கேள்விகள் இப்படிப்பட்ட முரணில்தான் பிறக்கின்றன.

படி 2: ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கம் வையுங்கள்

ஒரே கருதுகோளை வைத்துக்கொண்டால் மனம் அதற்கே சாட்சி தேடும். நீண்ட நேரம் மூழ்கிக் கிடப்பதைச் சின்ன இனத்தால் தாங்க முடியவில்லையா, பெரிய இனம் நெருக்கிக் கொல்கிறதா? இப்படி இரண்டையும் எதிரெதிரே வைத்தார் கானெல். நமக்கு: (அ) பொறிவண்டு போன்ற எதிரிகளை எறும்பு விரட்டுவதால் பூச்சி பெருகுகிறது, (ஆ) பூச்சி கழிக்கும் இனிப்பு நீரைக் குடிக்க எறும்பு வருகிறது, பூச்சியின் எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

படி 3: என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதுங்கள்

(அ) சரி என்றால், எறும்பைத் தடுத்த கிளைகளில் பூச்சி குறைய வேண்டும். (ஆ) சரி என்றால், இரண்டு வகைக் கிளைகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சோதனை தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் முடிவுக்கேற்பக் கதை வளைந்துவிடும்.

படி 4: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

அவசரப்படக் கூடாத படி இது. சின்ன இனம் ஒட்டியிருந்த கற்களைக் கானெல் கரையின் கீழ்மட்டங்களுக்கு மாற்றிப் பொருத்தினார். பெரிய இனத்தின் குஞ்சுகள் அங்கே வந்து ஒட்டிய பிறகு, ஒவ்வொரு பரப்பிலும் ஒரு பாதியில் மட்டும் அவற்றை அகற்றினார். மறுபாதியைத் தொடவில்லை. இரண்டு பாதிக்கும் அதே அலை, அதே வெயில், அதே உப்பு. வேறுபாடு தெரிந்தால் அதற்குக் காரணம் அண்டை வீட்டார் மட்டும்தான். எவ்வளவு அழகான ஏற்பாடு!

நீங்களும் அப்படியே செய்யுங்கள். பூச்சியும் எறும்பும் உள்ள, ஒரே அளவான 10 கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். எந்த 5 கிளைகளில் எறும்பைத் தடுப்பது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கண்ணால் பார்த்துத் தேர்ந்தால் நம்மை அறியாமலே நலிந்த கிளைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவோம். 10 கிளைகளின் அடியிலும் டேப் சுற்றுங்கள். தடுக்க வேண்டிய 5 கிளைகளில் மட்டும் டேப்பின் மேல் கிரீஸ் தடவி, மேலே இருக்கும் எறும்புகளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். மீதி 5 கிளைகளுக்கு வெறும் டேப் எதற்கு என்கிறீர்களா? டேப் சுற்றியதே காரணமாக இருக்குமோ என்ற சந்தேகம் பிறகு எழக்கூடாது.

ஒரு இலை சுவரையோ பக்கத்துக் கிளையையோ தொட்டாலும் எறும்புக்கு அது பாலம்தான். தொடும் இலைகளை நறுக்கிவிடுங்கள். ஆய்வு முடியும்வரை வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர் எதுவும் தெளிக்க வேண்டாம்.

படி 5: எண்ணுங்கள்

கிரீஸ் வைக்கும் முன்பே ஒருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை, அதே நேரத்தில். ஒவ்வொரு கிளையிலும் நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்தில் உள்ள பூச்சிகளை மட்டும் எண்ணினால் போதும். பொறிவண்டு வந்தால் அதையும் குறியுங்கள். கிரீஸ் காய்ந்தால் மறுபடி தடவுங்கள்.

படி 6: எண்கள் சொல்வதை மட்டும் சொல்லுங்கள்

கானெல் 1961இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. பெரிய இனத்தை அகற்றிய பாதியில், கீழ்மட்டத்திலும் சின்ன இனம் நன்றாகப் பிழைத்தது. அகற்றாத பாதியில் பெரியவை அதன் மேலே ஏறி மூடின, அடியில் நுழைந்து பெயர்த்தன, பக்கவாட்டில் நசுக்கின. சரி, பெரிய இனம் ஏன் மேலே போவதில்லை? அங்கே வெயிலில் உலர்ந்து செத்துவிடுகிறது. ஒரு விடை அடுத்த கேள்விக்கு இட்டுச்சென்றது.

உங்கள் கிளைகளில் வேறுபாடே தெரியாமல் போகலாம். அதுவும் முடிவுதான், அப்படியே எழுதுங்கள். வேறுபாடு தெரிந்தாலும் அது உங்கள் ஒரு செடியைப் பற்றிய செய்தி மட்டுமே. பக்கத்துத் தெருவில் இரண்டு மூன்று பேரை இதே முறையில் செய்யச் சொல்லி, எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.