ஆர்க்கிட் தொட்டி மாற்றம்: வேலூர் வெயிலில் செய்யக்கூடாதவை

‘பூ முடிந்ததும் தொட்டியை மாற்றுங்கள்’ என்று எங்கே படித்தாலும் போட்டிருக்கும். குளிர் நாட்டுக்குச் சரியான யோசனை. அங்கே பூ முடியும்போது வசந்தம் பிறக்கிறது, நமக்கோ கத்தரி பிறக்கிறது. பொங்கல் சமயத்தில் பூவோடு வாங்கி வந்த ஃபலனாப்சிஸில் (பட்டாம்பூச்சி போலப் பூக்கும் ஆர்க்கிட் வகை) கடைசிப் பூ உதிரும்போது வேலூரில் வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்போது வேரைக் கலைத்தால், அடிபட்ட வேரால் தண்ணீர் இழுக்க முடியாது. அனல் காற்றோ இலையில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். கொஞ்ச நாளிலேயே இலைகள் தோல்பை மாதிரி சுருங்கித் தொங்கிவிடும்.

நம் ஊருக்கு ஆடி, ஆவணிதான் தோது. சாயங்கால மழை பெய்து காற்றில் ஈரம் ஏறியிருக்கும். மாதத்தை விடவும் நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு: அடித்தண்டிலிருந்து பளபளவென்று பச்சை நுனியோடு புது வேர் எட்டிப் பார்ப்பது. அந்த வேர் இரண்டு, மூன்று செ.மீ. நீள்வதற்குள் மாற்றிவிட்டால், புதிய தொட்டியைத் தானாகப் பற்றிக்கொள்ளும். நீண்டபின் மாற்றினால் நுனி முறியும்; முறிந்த நுனி பெரும்பாலும் மேற்கொண்டு வளராது.

வேர் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தால் இடம் போதவில்லை என்று பெரிய தொட்டி வாங்கப் போகிறார்கள். ஜவ்வாது மலையில் மரக்கிளையில் ஒட்டி வளரும் ஆர்க்கிட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும், அந்த வேருக்குக் காற்றில் தொங்குவதுதான் இயல்பு. அதை வெட்டவும் வேண்டாம், வளைத்து உள்ளே திணிக்கவும் வேண்டாம். காற்றில் பழகிய வேரைப் புதைத்தால் பெரும்பாலும் அழுகிப் போகும்.

மாற்ற வேண்டிய உண்மையான காரணம் தொட்டிக்குள் இருக்கிறது. மண்ணுக்குப் பதிலாக நிரப்பும் மரப்பட்டையோ தேங்காய் மட்டைத் துண்டோ ஒன்றரை, இரண்டு வருடத்தில் மக்கிப் பொடியாகும். செடி வைக்க விற்கும் காய்ந்த ஸ்பாக்னம் பாசி அதற்கு முன்பே கெட்டுவிடும். பொடி இடுக்குகளை அடைத்ததும் காற்றோட்டம் நின்று வேர் மூச்சு முட்டும். ஊதுபத்திக் குச்சி ஒன்றைப் பக்கவாட்டில் செருகிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் கழித்தும் குச்சி நனைந்து வந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ, நேரம் வந்துவிட்டது. அப்படி அழுக ஆரம்பித்த செடிக்கு நல்ல மாதம் பார்க்கக்கூடாது. சித்திரையானாலும் அன்றே பிரித்து, வீட்டுக்குள் நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துத் தேற்றுங்கள்.

பிரிக்கும்போது வேர்க்கொத்தின் நடுவில் கைவிட்டுப் பாருங்கள். நர்சரியில் நாற்றாக இருந்தபோது வைத்த பாசி உருண்டையோ ஸ்பாஞ்சோ அங்கேயே இருக்கும். சுற்றிலும் காய்ந்திருந்தாலும் அது மட்டும் ஈரமாக, கறுத்துப் போய், வேரைக் கெடுத்துக்கொண்டிருக்கும். மேலே புதுப் பட்டையைப் போட்டுவிட்டு இதை அப்படியே விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பிறகு ஒவ்வொரு வேரையும் இரு விரலால் மெல்ல அழுத்துங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். நனைத்தால் வெள்ளி நிறம் பச்சையாக மாறும். கெட்டது தோல் வழுக்கிக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அதை மட்டும் நறுக்குங்கள். ஒரு செடியை வெட்டிய கத்தரிக்கோலை நெருப்பில் காட்டாமல் அடுத்ததில் வைக்காதீர்கள். ஆர்க்கிட் வைரஸ் அப்படித்தான் பரவும், வந்தால் மருந்து கிடையாது.

தொட்டி அளவில் தாராளம் காட்ட வேண்டாம். இருக்கும் வேர் அடங்கி ஒரு விரல் இடம் மிஞ்சினால் போதும். டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் இன்னும் நெருக்கமாகவே இருக்கட்டும். அதன் இலையுதிர்ந்த பழைய தண்டுகளைக் காய்ந்தது என்று நினைத்து அறுத்துவிடாதீர்கள். செடியின் சேமிப்பு அவற்றில்தான். செம்மண், மண்புழு உரம், தூளான தென்னை நார்க்கழிவு எதுவும் தொட்டிக்குள் போகக்கூடாது. ரோஜாவுக்குக் கலக்கும் அதே கலவையை இதற்கும் போட்டுவிட்டு, ஆர்க்கிட் நம் ஊருக்கு ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு.

உப்பு தனிப் பிரச்சினை. பழைய வட ஆற்காட்டில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது; ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் இன்னும் மோசம். பட்டைக்குப் பதிலாகச் சிலர் போடும் அடுப்புக்கரியும் ஓட்டுச்சில்லும் மக்காதுதான், ஆனால் உப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு தட்டி, வேர் நுனி கருகியிருந்தால், மக்காத கலவையையும் மாற்றத்தான் வேண்டும். பழைய கரியைக் கழுவித் திரும்பப் போடுவது சிக்கனம் ஆகாது. புதுத் தேங்காய் மட்டையிலும் உப்பும் துவர்ப்பும் இருக்கும். தண்ணீர் பழுப்பு நிறம் விடுவது நிற்கும்வரை மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே பயன்படுத்துங்கள். பாய்ச்சுவதற்கு மழைநீர் பிடித்து வைத்தால் உத்தமம், இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர்.

மாற்றிய கையோடு குடம் குடமாய் ஊற்றுவது கடைசித் தவறு. வேரை வெட்டியிருந்தால் வெட்டு ஆற நாலைந்து நாள் தண்ணீர் வேண்டாம். காலையில் இலைமேல் லேசாகத் தெளித்தால் போதும், குருத்தில் மட்டும் நீர் தேங்கக்கூடாது. செடி ஆடினால் வேர் பிடிக்காது என்பதால் குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். புது வேர் நகரத் தொடங்கும்வரை உரப் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம்.